சும்மா லைன்

நம் வீட்டு வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். உள்ளங்கையில் அடங்குகிற கருங்கல் ஜல்லி. ஒரு பக்கம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. தம்பி அதில் எத்தனையோ முறை கால் விரலை இடித்துக்கொண்டு, "தெருவுல இல்லாத கல்லாப்பா, வீட்டுக்குள்ள வேற ஒண்ணு?" என்று கத்தியிருக்கிறான். பாப்பா ஒரு போகிக்கு வீடு ஒழித்தபோது அதைக் குப்பையோடு வாரிக்கொண்டு போனாள். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "ஒரு கல்லுக்கா இவ்வளவு கோபம்?" என்று அவள் அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னுடைய முட்டாள்தனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளிடம் அதைச் சொல்ல எந்த அப்பனுக்கும் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காய்கறி வாங்கப் போனேன். நம் தெருவின் பின்பக்கம், மதில் உடைந்த இடத்தில், தம்பி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி வருவதைப் பார்த்தேன். மேம்பாலம் வழியாக வா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டதற்கு, "அந்தக் கடைசி லைன்ல வண்டியே வராதுப்பா, அது சும்மா கெடக்கு" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், சுருக்கென்றது. அவனைத் திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பேசினால் எனக்குத் திட்டுதான் வரும். எழுதினால் கொஞ்சம் நிதானம் வருகிறது. அதனால்தான் இந்த நோட்டு.

நான் தண்டவாளம் பராமரிக்கிற கேங்கில் வேலை பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டுக்கும் அப்பால், ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே போகிற பாதை அது. ஒன்று சென்னைக்குப் போகிற வண்டிகளுக்கு, அதை அப் லைன் என்போம். மற்றது சென்னையிலிருந்து வருகிற வண்டிகளுக்கு, டவுன் லைன். பாப்பா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் பெய்த மழையில் ஓர் ஏரி உடைந்து, அப் லைனைத் தாங்கிய பாலத்தின் கால் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு போகிற வண்டியும் வருகிற வண்டியும் டவுன் லைன் ஒன்றிலேயே மாறி மாறிப் போக வேண்டியதாயிற்று. ஒரு வண்டி போய்ச் சேருகிற வரை எதிர் வண்டி ஸ்டேஷனில் நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்களும் எங்களைப் பார்த்தாலே, "எப்போய்யா ரெட்டை லைன் போடுவீங்க?" என்று கேட்பார்கள். பாலம் எழும்ப இரண்டு வருஷம் ஆனது.

அந்த இரண்டு வருஷமும் அப் லைன் வெறுமனே கிடந்தது. தண்டவாளம் செந்துரு ஏறிப்போனது. அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைப்போம். மண்வெட்டி, கடப்பாரையைச் சாய்த்து வைப்போம். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். டவுன் லைனில் வண்டி வந்தால் எல்லாரும் அப் லைனில் ஏறி நின்றுகொள்வோம். எந்த ஓரத்தில் இறங்கினாலும் சேறும் சீமைக் கருவேல முள்ளும், இந்த லைனில் உட்கார இடம். அதற்கு நாங்கள் வைத்த பெயர்தான் சும்மா லைன். "கடப்பாரையைச் சும்மா லைன்ல போடு." "மேட் எங்கடா?" "சும்மா லைன்ல படுத்திருக்காரு." மேட் என்றால் எங்கள் கேங்குக்குத் தலைவர். அவரே அப்படித்தான் சொல்வார். யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் நினைவில்லை.

அந்தச் சொல்லைச் சொல்லாத ஓர் ஆள் அங்கே இருந்தார். பக்கத்து லெவல் கிராசிங்கில் கேட் போட்டுத் திறக்கிற அக்கா. எங்கள் எல்லாருக்கும் அவர் கேட் அக்காதான். பல்லாவரத்துக்காரர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர் இருக்கும். நான் தாம்பரத்தில் ஏறுகிற காலை வண்டியில் அவர் ஏற்கெனவே பல்லாவரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னா தாம்பரம், இன்னிக்கு டிபன் இன்னா?" என்பார். கணவருக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டோடு இருந்தார். இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வேலையை நம்பித்தான் அந்த வீடு நடந்தது.

அக்காவின் கேட்டில் ஒரு வழக்கம். ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில், வண்டிச் சக்கரம் ஓட இரும்பை ஒட்டி ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். மாட்டுவண்டியும் லாரியும் போகப் போக அதில் மண் அடைந்துகொள்ளும். தினமும் காலையில் வளைந்த கம்பி ஒன்றை வைத்து அந்த மண்ணைச் சுரண்டி எடுப்பது கேட்காரர் வேலை. அக்கா டவுன் லைனில் சுரண்டி முடித்ததும் அப் லைனுக்கு வந்து அங்கேயும் சுரண்டுவார். வண்டியே வராத லைனில். கேட் அறைக்கு முன்னால் சின்னதாகப் பூச்செடி வைத்து, சுற்றிலும் ஜல்லிக் கற்களை அடுக்கி, பொங்கலுக்குப் பொங்கல் மேல்பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்துகொண்டு நாங்கள் அவரைக் கிண்டல் செய்வோம்.

"அக்கா, செத்த பாம்புக்குப் பல்லு வெளக்கி விடுறீங்களே."

"அது சாவல. தூங்கிக்கினு கீது" என்பார் நிமிராமல். "நீ தூங்கசொல்ல உன் நெஞ்சு மேல எவனாவது குந்திக்கினு சோறு துன்னா சும்மா இருப்பியா?"

"அதுல வண்டி வர்றதுக்குள்ள என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும் அக்கா."

"ஆவட்டும். கல்யாணத்துக்கு அந்த லைன்லதான் வருவேன். மொதல்ல டப்பாவை எடு அதும்மேலருந்து."

எடுத்துவிட்டு, அவர் உள்ளே போனதும் மறுபடி வைப்போம்.

பாலம் முடிந்தது. புது ஜல்லி கொட்டி, மெஷின் வந்து இறுக்கி, தண்டவாளத்தைத் தாங்குகிற சிலீப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்கள் கேங் மூன்று மாதம் முதுகு நிமிராமல் உழைத்தது. அதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஒத்தையாய்ப் போன பாதையை மறுபடி ரெட்டையாக்கியதில் இந்தக் கைக்கும் பங்கு இருக்கிறது. சோதனை இஞ்சின் வந்த அன்று எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்தோம். எஞ்சினியர் ஒவ்வொரு கேட்டாக இறங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். மற்ற கேட்டுகளில் அப் லைன் பள்ளத்தில் கல்லாக இறுகிப்போன மண்ணைப் பெயர்க்க அரை நாள் ஆனதாம். அக்காவின் கேட்டில் குனிந்து பார்த்தவர், "இங்கே யாரும் வேலை செய்ய வேண்டியதில்லையே" என்றார். அக்கா பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்தபடி, எங்களைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். இஞ்சின் மெல்ல மெல்லக் கடந்து போனபோது துரு உதிர்ந்து தண்டவாளத்தில் ஒரு வெள்ளிக்கோடு விழுந்தது. அன்று முழுவதும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைன் உயிர் பெற்றது, எங்கள் வாயிலிருந்த சொல் மட்டும் போகவில்லை. அடுத்த நாளும் "சும்மா லைன்ல போல்ட் ஒண்ணு லூசா இருக்கு" என்றுதான் பேசிக்கொண்டோம். அக்கா காதில் விழுந்துவிட்டது. "ஏன்யா, ஒரு நாளைக்குப் பத்து வண்டி ஓடுது, இன்னும் சும்மான்றீங்க. வாயி சொன்னா காலு நம்பிடும், தெரியுமா?" என்றார். நாங்கள் சிரித்தோம். நான்தான் ரொம்பச் சிரித்தேன்.

லைன் திறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கேங்குக்குக் குடிதண்ணீர் தீர்ந்துபோய், நான் கேனை எடுத்துக்கொண்டு அக்காவின் கேட்டுக்குப் போனேன். குழாயில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். ஓரப் பாதையில் நடக்க வேண்டும் என்பது சட்டம். கேன் கனத்தது, ஓரம் முழுக்கச் சேறு, டவுன் லைன் நடுவிலேயே நடந்தேன். கேட்டைத் தாண்டி ஒரு முப்பது நாற்பது அடி போயிருப்பேன். எதிரே டவுன் வண்டி ஊதிக்கொண்டு வந்தது. நான் பதறவில்லை. இரண்டு வருஷமாகச் செய்ததைத்தான் செய்தேன். பக்கத்து லைனில் ஏறி, கேனைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, இடுப்பில் கை ஊன்றி, போகிற பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சும்மா லைனில்.

எனக்குப் பின்னால் அப் லைனில் இன்னொரு வண்டி சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. அதுவும் ஊதியது. எதிர் வண்டிதான் ஊதுகிறது என்று நினைத்தேன். அக்கா கத்தியிருக்கிறார். பெட்டிகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கொடி காட்டி வண்டியை நிறுத்தத் தூரம் இல்லை. ஓடிவந்து இழுக்க நேரம் இல்லை. பூச்செடியைச் சுற்றியிருந்த வெள்ளைக் கல்லில் ஒன்றைப் பெயர்த்து என்மேல் எறிந்தார். அது என்னைத் தாண்டிப் போய் டவுன் வண்டிப் பெட்டியில் அடித்தது. இரண்டாவது கல் என் நடு முதுகில் விழுந்தது.

உயிரே போனதுபோல வலி. "எவன்டா அவன்!" என்று கெட்ட வார்த்தையோடு திரும்பினேன். திரும்பின கண்ணுக்கு முன்னால் இஞ்சின் முகம். எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. முள்ளில் கிடந்தேன். கேன் நசுங்குகிற சத்தம் கேட்டது, தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. டிரைவர் கையை ஆட்டித் திட்டிக்கொண்டே போனார்.

இரண்டு வண்டியும் போன பிறகு அக்கா ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். கை, கால், தலை எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுவதுபோல. பிறகு முள்ளிலிருந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "இன்னா வார்த்தைய்யா சொன்ன என்னைப் பாத்து?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுவாத. சின்ன வயசுல வெள்ளிக்கிழமை சந்தையில முட்ட வர்ற மாட்டைக் கல்லால அடிச்ச கை இது. மொதல் கல்லு தப்பினதுதான் எனக்கு அவமானம்" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் இது எங்கள் இரண்டு பேர் கதை. முதல் கல் பட்ட பெட்டியில் சுண்ணாம்புத் தடம் விழுந்துவிட்டது. வண்டியின் கடைசியில் இருந்த கார்டு, கேட்டில் நிற்கிற பெண் குனிந்து கல்லை எடுத்து எறிவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். லைனில் நின்ற என்னை அவர் கவனிக்கவில்லை, கடைசிப் பெட்டி கேட்டுக்கு வருவதற்குள் நான் முள்ளுக்குள் விழுந்துவிட்டேன். ஓடுகிற வண்டிமேல் கல் எறிவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்கே தெரியும். அதுவும் கொடி பிடிக்கிற கையே எறிந்தால்? மறுநாளே அக்காவைக் கேட்டிலிருந்து எடுத்து ஆபீசில் உட்காரவைத்து விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். வேலையே போகலாம் என்று பேச்சு.

அக்கா எழுதிக் கொடுத்தது எங்கள் காதுக்கு வந்தது. "லைனில் ஒரு நாய் நின்றது. வண்டி வருவது தெரியாமல் நின்றதால் அதை விரட்டக் கல் எறிந்தேன். ஒன்று தவறி வண்டியில் பட்டுவிட்டது. மன்னிக்கவும்." அவ்வளவுதான். என் பெயர் இல்லை. ஓடுகிற லைனில் நின்றதற்காக என் வேலை போய்விடக்கூடாது என்று அப்படி எழுதியிருக்கிறார்.

ஒரு நாய்க்காக வண்டிமேல் கல் எறிந்தாயா என்று அதிகாரிகள் இன்னும் கடுப்பானார்கள். மேட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாயை மூடிக்கினு இரு. அவங்களே நாய்னு எழுதிட்டாங்க, நாயோட போவட்டும். நீ போய்ச் சொன்னா உனக்கும் சீட்டு கிழியும், எனக்கும் கிழியும்" என்றார். நானும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள். காலை வண்டியில் அக்கா உட்கார்ந்திருக்கிற பெட்டியில் ஏறாமல் வேறு பெட்டியில் ஏறினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாதான் என்னை மனிதனாக்கினாள். சட்டையைத் துவைக்கும்போது முதுகில் சுண்ணாம்புத் தடத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி அவள் இடுப்பில் இருந்தான், அவள் சட்டையைக் கீழே வைக்கவில்லை. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "அவங்க நாய்னு எழுதினதுல தப்பே இல்ல. ஆனா, நாய்கூட ஒரு வேளை சோறு போட்ட கையை மறக்காது" என்றாள். அந்தச் சட்டையைத் தடம் போகாமலேயே கொடியில் காயப்போட்டாள்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். அதுவரை அதிகாரிக்கு லீவ் லெட்டர்கூட வேறொருவர்தான் எழுதித் தருவார். மறுநாள் காலை நானே ஒரு நீளத் தாள் வாங்கி, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, நான்கு வண்டிகளைப் போகவிட்டு எழுதினேன். எழுத்துப் பிழைகளோடு நான் எழுதியது இது: "ஐயா, கேட் அக்கா எழுதிய விளக்கத்தில் உள்ள நாய் நான்தான். அன்று அப் லைனில் நின்றது என் தவறு. அதை நாங்கள் சும்மா லைன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவர் கல் எறியாவிட்டால் இதை எழுத நான் இல்லை. முதுகில் காயம் இருக்கிறது, சட்டையில் சுண்ணாம்பு இருக்கிறது. பார்த்துக்கொள்ளலாம்."

எஞ்சினியர் இரண்டு தரம் படித்தார். நான் சட்டையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைத் திட்டினார். அத்தனையும் எனக்குத் தகும். ஒரு வாரம் பாதுகாப்பு வகுப்பில் போய் உட்காரச் சொன்னார், ஓர் எச்சரிக்கையும் என் பேரில் ஏறியது. மேட்டுக்கும் திட்டு விழுந்தது. பத்து நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பிறகு அவரே டீ வாங்கித் தந்தார். "இனிமேல் எவன் வாயிலாவது சும்மா லைன்னு வந்தா, அவனை நானே கல்லால அடிப்பேன்" என்று எஞ்சினியர் கேங் முன்னால் வந்து சொன்னார். அக்காவைக் கேட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள், வண்டிப் பக்கம் கல் எறியக்கூடாது என்ற எச்சரிக்கையோடு. "அப்ப மறுபடியும் நாய் வந்தா இன்னா சார் செய்யறது?" என்று அக்கா கேட்டாராம். அவர் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாராம்.

மறுநாள் காலை அவர் இருந்த பெட்டியில் ஏறினேன். எதிரே உட்கார்ந்தேன். அவர்தான் ஆரம்பித்தார்.

"உன்னை நாய்னு எழுதிட்டேன். கோச்சிக்கினியா தாம்பரம்?"

"இல்ல அக்கா."

"மாடுன்னுதான் எழுத வந்துச்சு. மாட்டுக்கு ஆயிரம் கேள்வி கேப்பான், யாரு மாடு, ஏன் வுட்டான்னு. நாய்னா ஒருத்தனும் சொந்தங் கொண்டாட மாட்டான்னு நெனைச்சேன்" என்று சொல்லி நிறுத்தினார். "நீ வந்து கொண்டாடிட்ட."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று வண்டியை விட்டு இறங்கிக் கேட்டுக்கு வந்ததும், நான் நின்ற இடத்தில், அப் லைன் ஓரத்தில் அந்தக் கல்லைத் தேடினேன். முதல் கல் வண்டியில் பட்டு எங்கோ தெறித்துவிட்டது, லட்சம் ஜல்லிகள் கிடந்தாலும் அங்கே வெள்ளை அடித்தது அது ஒன்றுதான். எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டினேன், செடி வரிசையில் வைக்க. "நீயே வெச்சிக்க. உன் முதுகுல பட்டது, அது உன்னுதுதான்" என்றார். பூச்செடியைச் சுற்றி இரண்டு கல் இல்லாத அந்த இடைவெளியை அவர் கடைசி வரை நிரப்பவே இல்லை. நாங்கள் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். நான் கேனோடு ஓரப் பாதையில், சேற்றில், நடந்து வருவேன்.

இப்போது அந்தக் கேட் இல்லை. ரோடு தண்டவாளத்துக்குக் கீழே சுரங்கமாகப் போகிறது. இரண்டு லைனிலும் வண்டிகள் யாருக்காகவும் காத்திருக்காமல் ஓடுகின்றன. நல்லதுதான். அக்கா ஓய்வு பெற்றுப் பல்லாவரத்தில் பெரிய பெண் வீட்டில் இருக்கிறார். பாப்பா காலையில் சிறுசேரிக்கு வேலைக்குக் கிளம்புவதை, தம்பி கல்லூரிக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், இதைப் பார்க்க ஒருவர் என்னை விட்டுவைத்தார் என்று நினைத்துக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை நடந்ததை அவரிடம் போனில் சொன்னேன். "அந்தக் கல்லு இன்னும் கீதா?" என்று கேட்டார்.

"இருக்கு அக்கா."

"அவன் கையில குடு. கனம் தெரியட்டும். சொன்னா தெரியாது, பட்டாதான் தெரியும்னு இருந்தா, ஞாயித்துக்கிழமை கூட்டிக்கினு வா. கை இன்னும் நல்லாத்தான் கீது."

தம்பி, அதனால்தான் இந்த நோட்டின் மேல் அந்தக் கல்லை வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார். வெள்ளைப் பக்கம் அக்கா அடித்த சுண்ணாம்பு. என் முதுகில் பட்டதும் அந்தப் பக்கம்தான். பார்த்து முடித்ததும் மறக்காமல் வாசலில் கொண்டுபோய் வை. காற்று வேறு வருகிறது, கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது.